கோடு போடாத சமாதானம்

1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கும் 181ஆம் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 33-13 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அதே ஆண்டில் தானே பிரிவினைக்கு ஆளான இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்குப் பாதிக்கும் மேற்பட்ட நிலம் என்பதை அரபுத் தரப்பு ஏற்கவில்லை. போர் மூண்டது, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் அகதிகளானார்கள். 1949இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது நிலத்தில் 78 சதவீதம் இஸ்ரேல் வசம் இருந்தது. எஞ்சிய மேற்குக் கரையையும் காஸாவையும் அது 1967இல் பிடித்துக்கொண்டது. இன்று ‘இரு நாடுகள்’ என்று பேசுவதெல்லாம் அந்த 22 சதவீதத்தைப் பற்றித்தான். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பிரிவினை தோற்றுப்போன யோசனை என்பவர்கள் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1993இல் செய்துகொண்ட ஓஸ்லோ உடன்பாட்டைச் சான்று காட்டுவார்கள். என் பார்வையில், ஓஸ்லோவில் பிரிவினை நடக்கவே இல்லை. எல்லை, ஜெருசலேம், அகதிகள், யூதக் குடியேற்றங்கள் என எல்லாச் சிக்கல்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டார்கள். 1995இல் மேற்குக் கரை ஏ, பி, சி எனக் கூறுபோடப்பட்டது. இன்று ஏறக்குறைய 60 சதவீதமாக உள்ள ‘சி’ பகுதி முழுக்க இஸ்ரேல் கையில் இருக்கிறது. எல்லை தெரியாத இடத்தில் வீடு கட்டுகிறவனுக்கே லாபம். கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக 1993இல் ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த குடியேறிகள் இன்று ஏறத்தாழ ஐந்து லட்சம். ஒத்திப்போட்ட அவகாசம் சமாதானத்தைக் கெடுக்க நினைத்தவர்களுக்கும் உதவியது: 1994இல் ஹெப்ரான் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றார், பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸின் தற்கொலைக் குண்டுகள் பேருந்துகளில் வெடித்தன, 1995 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் ராபினை ஒரு யூதத் தீவிரவாதியே கொன்றார்.

இஸ்ரேல் எகிப்தோடு செய்த சமாதானத்தை இதனுடன் ஒப்பிட வேண்டும். 1979 ஒப்பந்தத்தில் சினாய் முழுவதும் திரும்பத் தரப்படும் என்பது முதல் நாளே முடிவானது. திரும்பப்பெறுதல் மட்டும் மூன்றாண்டுகளில் படிப்படியாக நடந்தது. இடையில், 1981 அக்டோபரில் எகிப்து அதிபர் சதாத் கொல்லப்பட்டார். ஆனாலும் 1982 ஏப்ரலில் இஸ்ரேல் பிரதமர் பெகினின் அரசு சினாயிலிருந்த யாமித் யூதக் குடியேற்றத்தைத் தன் கையாலேயே இடித்துவிட்டு வெளியேறியது. சதாத்தின் மரணத்தைத் தாண்டி ஒப்பந்தம் நின்றது. ராபினின் மரணத்துக்குப் பின் ஓஸ்லோவில் நிற்க வைக்க எதுவும் இருக்கவில்லை. சினாய் பாலைவனம்தானே, ஜெருசலேம் போலப் புனித பூமியா என்று கேட்கலாம். நியாயம்தான். சிக்கல் கடினமாக இருப்பது அதை முதலில் எடுப்பதற்கான காரணமே தவிர, ஊறப்போடுவதற்கான காரணம் அல்ல.

2000இல் கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தையில் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் மறுத்தாரே என்பார்கள். மறுத்தார், அது ஏழாண்டு நம்பிக்கைச் சிதைவுக்குப் பின். அதற்கு ஆறு மாதம் கழித்து டாபா பேச்சுவார்த்தையில் இரு தரப்பும் இன்னும் நெருங்கி வந்தன; அதற்குள் இஸ்ரேலில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. 2008இல் இஸ்ரேல் பிரதமர் ஓல்மர்ட் பாலஸ்தீனத் தலைவர் அப்பாஸிடம் வரைபடம் காட்டியபோது, ஊழல் புகாரால் ஓல்மர்ட்டின் பதவியே ஆட்டம் கண்டிருந்தது. 2005இல் காஸாவை விட்டு வெளியேறியும் ராக்கெட்தானே வந்தது என்ற வாதம் வலுவானது. ஆனால் அன்றைய இஸ்ரேல் பிரதமர் ஷரோன் எந்த ஒப்பந்தமும் செய்யாமல் தன்னிச்சையாக வெளியேறினார். காஸாவின் வானும் கடலும் இஸ்ரேல் பிடியிலேயே இருந்தன. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்று, அதன்பின் இஸ்ரேலின் போரில் காஸாவில் பல்லாயிரம் பேர் மாண்ட பிறகு, யாரை நம்பிப் பிரிப்பது? நம்பிக்கை பிறந்தபின் எல்லை வகுப்போம் என்பதுதான் ஓஸ்லோ செய்த தவறு. 1973இல் கடும்போர் புரிந்த எகிப்தும் இஸ்ரேலும் ஆறே ஆண்டுகளில் கையெழுத்திட்டது ஒருவரை ஒருவர் நேசித்ததால் அல்ல.

ஓஸ்லோவின் ஐந்தாண்டு இடைக்காலம் 1999 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஏ, பி, சி கூறுகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.