ஆலை நிலத்தில் ஊருக்கு எவ்வளவு பங்கு?

மூடிய ஆலையின் இடத்தில் என்ன கட்டலாம், எத்தனை மாடி எழுப்பலாம், பூங்காவுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு விட வேண்டும் என்பதையெல்லாம் நகரமைப்பு விதிகள்தான் தீர்மானிக்கின்றன. அந்த விதிகளில் செய்யும் ஒரு திருத்தம் ஒரு நகரின் நடுப்பகுதியையே எப்படி மாற்றிவிடும் என்பதற்கு மும்பையின் ஆலைப் பகுதி சாட்சி.

600 ஏக்கர் எங்கிருந்து வந்தது?

பரேல், லால்பாக், வொர்லி சுற்றுவட்டாரத்தில் 58 பஞ்சாலைகள் இயங்கின. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பிறகு பல ஆலைகள் மீளவே இல்லை. இப்படி, இட நெருக்கடியில் மூச்சுத் திணறிய நகரின் மையத்தில் சுமார் 600 ஏக்கர் நிலத்தின் எதிர்காலம் கேள்விக்குள்ளானது.

1991 விதி என்ன சொன்னது?

மகாராஷ்டிர அரசு 1991-இல் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58-ஐக் கொண்டுவந்தது. ஆலை நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் அதை ஏறக்குறைய மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு திறந்தவெளிக்கும் பொது வசதிகளுக்குமாக மாநகராட்சிக்கு, ஒரு பங்கு குறைந்த விலை வீடுகளுக்காக மாநில வீட்டுவசதி ஆணையமான மாடாவுக்கு, மீதி உரிமையாளருக்கு.

அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்த கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா, 1996-இல் இன்னொன்றையும் வலியுறுத்தினார். ஆலைகளைத் தனித்தனி மனைகளாகப் பார்க்காமல் மொத்தப் பகுதிக்கும் ஒரே திட்டம் போட்டால்தான் சாலைகளும் பூங்காக்களும் துண்டு துண்டாகச் சிதறாமல் அமையும் என்பது அவர் கருத்து.

2001-இல் மாறியது எது?

பங்கின் அளவு அப்படியே இருந்தது. எதில் பங்கு என்பது மாறியது. மொத்த நிலத்தில் கணக்கிடாமல், கட்டடம் இல்லாத காலியிடத்தில் மட்டும் கணக்கிட்டால் போதும் என்று விதி திருத்தப்பட்டது. கட்டடம் நிற்கும் இடம், அதை இடித்த பிறகும், உரிமையாளர் கணக்கிலேயே சேரும்.

ஓர் உதாரணம்: 12 ஏக்கர் ஆலையில் 9 ஏக்கரில் கட்டடங்கள், 3 ஏக்கர் காலியிடம் என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி ஊருக்கு 4 ஏக்கர் திறந்தவெளி கிடைக்கும். புதிய விதிப்படி ஒரே ஒரு ஏக்கர். வீட்டுவசதிப் பங்கும் அதே அளவுக்குச் சுருங்கும்.

நலிந்த ஆலைகளை மீட்கவும் தொழிலாளர் நிலுவையைத் தீர்க்கவும் திருத்தம் தேவை என்று வாதிடப்பட்டது. சுற்றுச்சூழல் அமைப்பொன்று தொடுத்த பொதுநல வழக்கில் 2005 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, திருத்தம் நிலைத்தது.

விளைவு என்ன?

ஆலைகள் இருந்த இடங்களில் அலுவலகக் கோபுரங்களும் மால்களும் சொகுசுக் குடியிருப்புகளும் எழுந்தன. 2012-இல் ஆலைத் தொழிலாளர்களுக்கான 6,925 வீடுகளுக்கு மாடா குலுக்கல் நடத்தியபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான முன்னாள் தொழிலாளர்களும் வாரிசுகளும் விண்ணப்பித்திருந்தார்கள். பல்லாயிரம் பேர் புதிதாக வேலைக்கு வந்து போகும் பகுதியில் ரயில் நிலையப் படிக்கட்டுகள் மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தன. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் அங்குள்ள எல்பின்ஸ்டன் ரோடு நிலைய நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கியது. 23 பேர் இறந்தார்கள். எத்தனை சதுர அடி கட்டலாம் என்று அனுமதிக்கும்போதே, அத்தனை பேர் எந்த வழியாக வந்து போவார்கள் என்பதையும் திட்டமிட்டாக வேண்டும்.

நமக்கு என்ன?

பெரம்பூரில் 1996-இல் மூடப்பட்ட பின்னி ஆலை நிலத்திலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. கோவையிலும் பழைய ஆலை நிலங்கள் வணிக வளாகங்களாகி வருகின்றன. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட திட்டங்களில் சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். மும்பை 1991-இல் கேட்டது இதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். தலைமுறைக்கு ஒருமுறை மட்டுமே கைக்கு வரும் பெரிய ஆலை நிலங்களுக்கு நாமும் தனி விதி கேட்பது நியாயமே.

நில வகைப்பாட்டை மாற்றுவதற்கான அறிவிப்புகள் சர்வே எண்களோடு நாளிதழ்களில் வெளியாகின்றன. ஆட்சேபம் தெரிவிக்க அவகாசமும் தரப்படுகிறது. உங்கள் பகுதி எண் கண்ணில் பட்டால் மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள்: ஊருக்கு எத்தனை பங்கு, எந்தப் பரப்பில் கணக்கிட்ட பங்கு, அந்த நிலம் எந்த இடத்தில் அமையும்? அனுமதி கொடுத்த பிறகு நீதிமன்றப் படியேறி நிலத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை மும்பை பார்த்துவிட்டது. கேட்க வேண்டிய நேரம் அறிவிப்பு வெளியாகும் நாள்தான்.