டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகள்

கிராங்கின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை சக்தி பிறப்பிப்பதும், கேம்ஷாஃப்ட் முதலிய உறுப்புகள் இல்லாமையால் எடை குறைந்ததுமான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா, செக்கோஸ்லோவாகியாவின் சி.இசட். ஆகிய வண்டிகளின் மூலம் 1960களில் மோட்டோகிராஸ் பந்தயத்தில் பிரதான ஸ்தானம் பெற்றது. 1964-இல் சி.இசட். வண்டியில் 250 சி.சி. உலகப் பட்டம் வென்ற பெல்ஜியத்தின் ஜோயல் ரொபேர், 1970-இல் அதே பட்டத்தை ஜப்பானின் சுஸுகியில் வென்றபோது ஐரோப்பாவின் ஆதிக்கம் அஸ்தமிக்கத் தொடங்கிற்று.

எனினும், என் அபிப்பிராயத்தில், மகத்தான மாறுதல் நிகழ்ந்தது எஞ்சினிலன்று, பின்சக்கரத்திலேயே. இருபுறமும் நின்ற இரண்டு ஷாக் அப்சார்பர்களை நீக்கி, பெட்ரோல் டாங்கியின் அடியில் ஒன்றையே நீளவாக்கில் படுக்கவைத்த யமஹா, அந்த அமைப்புடன் 1973-இல் உலகப் பட்டம் பெற்றது. சக்கரம் முன்னிலும் அதிக தூரம் மேலும் கீழும் அசைய இடம் கிடைத்தபடியால், ஓட்டுபவர் மேடுபள்ளங்களில் அஞ்சாமல் வேகத்தைக் காக்க முடிந்தது.

நடுவில் வயிறு பருத்து முனையில் குறுகும் புகைக்குழாயும் சாமானியமானதன்று: அதிலிருந்து திரும்பும் அழுத்த அலையே, வெளியேற முயலும் புதிய எரிகலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளுகிறது.

1998-இல் யமஹாவே கொணர்ந்த 400 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி காலப்போக்கைத் திருப்பியது. ஹோண்டா 2007-உடன் தன் டூ-ஸ்ட்ரோக் வரிசையை நிறுத்தியது. ஆஸ்திரியாவின் கே.டி.எம். எரிபொருள் ஊசிமுறையையும் பொத்தான் ஸ்டார்ட்டையும் புகுத்திவிட்ட பின்னரும், கார்புரேட்டரையும் கிக்கரையும் கைவிடாத யமஹாவின் 250 சி.சி. வண்டியையே, பழுதுபார்க்க எளிதென்பதால், நான் உயர்வாக மதிக்கிறேன்.