கடலைமிட்டாய் கம்பெனியை வைத்து கிரீன் கார்டு வாங்க முடியுமா? 'இபி-1சி' சொல்வது என்ன?

"அமெரிக்கால ஒரு கம்பெனியை பதிவு பண்ணுங்க அண்ணாச்சி, ஒரே வருஷத்துல கிரீன் கார்டு கன்ஃபார்ம்!" வெளிநாட்டுக் கனவில் இருக்கும் தொழில் குடும்பங்களின் காதில் இந்த மாதிரி பேச்சு விழாமல் இருக்காது. 2025 செப்டம்பரில், புதிய எச்-1பி விசா மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என அதிபர் டிரம்ப் அறிவித்தார். அதன்பிறகு எச்-1பி அல்லாத வழிகளை நிறைய பேர் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் முக்கியமானது பன்னாட்டு நிறுவன மேலாளர்களுக்கான 'இபி-1சி'.

இந்த வழி உண்மையானதுதான். 1990-ம் ஆண்டு அமெரிக்க குடியேற்றச் சட்டத்தில் வந்தது. ஆனால், 'ஒரே வருஷம்' என்பதில்தான் கோளாறு.

இபி-1சி என்றால் என்ன?

வெளிநாட்டில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்காவிலும் கிளையோ, துணை நிறுவனமோ, தாய் நிறுவனமோ இருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தில் கடைசி 3 ஆண்டுகளுக்குள் குறைந்தது 1 ஆண்டாவது மேலாளராகவோ நிர்வாகியாகவோ ஒருவர் வேலை பார்த்திருக்க வேண்டும். அவரை நிரந்தரமாக அதே மாதிரியான பொறுப்பில் அமர்த்திக்கொள்கிறோம் என்று அமெரிக்க நிறுவனம் மனு போட வேண்டும். இந்த மனுவுக்குப் பெயர் ஐ-140. விண்ணப்பிப்பவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது.

இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. இபி-2, இபி-3 பிரிவுகளில், 'இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை' என்று விளம்பரம் கொடுத்து, தொழிலாளர் துறையிடம் சான்று வாங்க வேண்டும். இபி-1சி-க்கு அந்த அலைச்சல் கிடையாது.

ஏற்கெனவே எல்-1ஏ விசாவில் அமெரிக்காவில் அதே குழுமத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு, அவர்கள் அங்கு நுழைவதற்கு முந்தைய 3 ஆண்டுகள்தான் கணக்கு. அதனால் அங்கே போய் 4 வருஷம் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டியதில்லை.

கோவில்பட்டிக்கு வருவோம்

கோவில்பட்டியில் இந்தக் கேள்வி இரண்டு வகை ஆட்களுக்கு வரும். ஒருவர், 1984-ல் தொடங்கப்பட்ட நேஷனல் இன்ஜினியரிங் கல்லூரி போன்ற இடங்களில் படித்துவிட்டு சென்னையிலோ பெங்களூருவிலோ பன்னாட்டு ஐடி கம்பெனியில் மேலாளராக இருப்பவர். இன்னொருவர், கரிசல் பூமியிலேயே தொழில் நடத்துபவர். தீப்பெட்டி, கடலைமிட்டாய் என்று அவர் சரக்கு கடல் தாண்டிப் போகலாம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். பெரிய கம்பெனிதான் வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் சோதனை இரண்டாமவருக்குத்தான் கடுமை.

ஒரு உதாரணம். கோவில்பட்டி கடலைமிட்டாய் உற்பத்தியாளர் ஒருவர் நியூஜெர்சியில் ஒரு நிறுவனம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில், இங்கிருந்து முதலீடு போவதற்கு 2022-ல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வங்கி வழியாகத்தான் பணம் அனுப்ப வேண்டும். பிறகு 'புதிய அலுவலகம்' என்ற வகையில் அவருக்கு எல்-1ஏ விசா கிடைக்கலாம். அது முதலில் 1 ஆண்டுக்குத்தான். அந்த ஓராண்டுக்குள், ஒரு மேலாளரைத் தாங்கும் அளவுக்கு அந்த அலுவலகம் வளர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீட்டிப்பு கிடைப்பதே கஷ்டம்.

அமெரிக்க நிறுவனம் குறைந்தது 1 ஆண்டு வியாபாரம் செய்த பிறகுதான் இபி-1சி மனுவே போட முடியும். விளம்பரங்களில் வரும் 'ஒரு வருஷம்' இதுதான். அது மனு போடத் தகுதி வரும் காலம். கார்டு கையில் கிடைக்கும் காலம் இல்லை.

"தம்பி பேர்ல கம்பெனி இருக்கே?"

நம்ம ஊர் குடும்பத் தொழில்கள் வழுக்கி விழும் இடம் இது. அண்ணன் கோவில்பட்டியில் முதலாளி, தம்பி டெக்சாஸில் தன் பெயரில் கம்பெனி வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பச் சொத்து என்றுதான் ஊரில் பேச்சு. அமெரிக்க குடியேற்றத் துறைக்கு அது செல்லாது. ரத்த உறவு நிறுவன உறவு ஆகாது. இரண்டு நிறுவனங்களின் உரிமையும் கட்டுப்பாடும் ஒரே கையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பங்குச் சான்றிதழ், பணம் கைமாறிய வங்கி ஆவணம் எல்லாம் கேட்பார்கள்.

அதேபோல, அமெரிக்கா போனதும் கோவில்பட்டி யூனிட்டை மூடிவிட்டால் கதை முடிந்தது. இரண்டு நாடுகளில் நடந்தால்தானே அது பன்னாட்டு நிறுவனம்? பலகை மட்டும் தொங்கினால் போதாது, தொடர்ந்து வியாபாரம் நடக்க வேண்டும்.

யார் மேலாளர்?

விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று இருந்தால் மட்டும் போதாது. தினமும் என்ன வேலை பார்க்கிறார் என்பதுதான் கேள்வி. தீப்பெட்டி ஆலையில் ஆட்களை நேரடியாக மேய்க்கும் கணக்கப்பிள்ளை, அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் மேலாளர் இல்லை, முதல்நிலை மேற்பார்வையாளர். அவருக்குக் கீழே இருப்பவர்கள் பட்டப்படிப்பு தேவைப்படும் தொழில்முறைப் பணியாளர்களாக இருந்தால்தான் விதிவிலக்கு.

நியூஜெர்சி கடையில் மூன்று பேர் மட்டும் இருந்து, முதலாளியே லோடு இறக்கி, பில் போட்டு, டெலிவரியும் செய்தால் மனு நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். நேர்மையான உழைப்புதான். ஆனால் இந்தச் சட்டம் அதற்கு மதிப்பெண் கொடுப்பதில்லை.

சிறு நிறுவனங்களுக்கு ஒரு பிடிமானமும் இருக்கிறது. 2016 ஏப்ரலில் வந்த 'மேட்டர் ஆஃப் இசட்-ஏ' என்ற தீர்ப்பில், ஜப்பான் நிறுவனம் ஒன்றின் அமெரிக்கப் பிரிவில் ஆட்கள் குறைவு. ஆனால் ஜப்பானில் இருக்கும் ஊழியர்கள் அந்த மேலாளருக்காக வேலை பார்த்தார்கள். அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் சொன்னது. அதாவது, கணக்கு, ஆர்டர், பேக்கிங் திட்டம் எல்லாம் கோவில்பட்டி அலுவலகம் பார்த்துக்கொள்கிறது என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், அதற்கு மதிப்பு உண்டு. ஆட்களை நிர்வகிக்காமல் நிறுவனத்தின் முக்கியமான ஒரு பணியை முழுப் பொறுப்பில் நடத்துபவரும் மேலாளர் ஆகலாம் என்கிறது சட்டம். அதை நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

சரி, மனு ஓகே ஆயிடுச்சு. அப்புறம்?

அப்புறம்தான் வரிசை. வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் கிரீன் கார்டுகள். குடும்பத்தினரும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். இதில் இபி-1 பங்கு 28.6 சதவிகிதம். பொதுவாக ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவிகித உச்சவரம்பு. அதனால்தான் இந்தியர்களுக்கு இந்த நெரிசல்.

2025 ஆகஸ்ட் விசா அட்டவணைப்படி, இபி-1 பிரிவில் 2022 பிப்ரவரி 15-க்கு முன் இடம்பிடித்த இந்தியர்களுக்குத்தான் வாய்ப்பு. அதே மாதம் இபி-2-ல் இந்தியர்களுக்கான தேதி 2013 ஜனவரி 1. ஒப்பிட்டால் இபி-1 வேகம்தான். ஆனால் நம்பி இருந்துவிட முடியாது. 2023 ஆகஸ்டில் இபி-1 தேதி திடீரென 2012 ஜனவரி 1-க்குப் பின்னால் போனது.

ஐடி ஊழியர்கள் சிலர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எச்-1பி-யில் இருந்தபோது இபி-2-ல் ஐ-140 ஒப்புதல் வாங்கியவருக்கு, உதாரணமாக 2015-ல் ஒரு முன்னுரிமைத் தேதி இருக்கும். அவர் கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்கு மேலாளராக வந்து ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, எல்-1ஏ-வில் திரும்பிப் போய் இபி-1சி போட்டால், அந்தப் பழைய 2015 தேதியையே பயன்படுத்தலாம். ஓராண்டு ஊரில் இருந்தால், பல ஆண்டு வரிசை மிச்சம். இது சட்டப்படி சரியான வழிதான். ஆனால் அந்த ஓராண்டு வேலை நிஜமாகவே மேலாளர் வேலையாக இருக்க வேண்டும்.

எந்த நாட்டு வரிசை என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்தது இல்லை, பிறந்த ஊரைப் பொறுத்தது. கணவர் கோவில்பட்டியில் பிறந்து, மனைவி இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்திருந்தால், மனைவியின் நாட்டுக் கணக்கில் குடும்பம் முழுவதும் போகலாம். தமிழ்க் குடும்பங்களில் இது அபூர்வமில்லை. ஆனால் பலர் இதைக் கேட்பதே இல்லை.

பிள்ளைகளின் வயது

காத்திருக்கும் குடும்பங்களுக்கு நிஜமான பயம் இதுதான். பிள்ளைக்கு 21 வயது ஆனால் அது பெற்றோரின் மனுவிலிருந்து விலகிவிடும், எல்-2 விசாவும் முடிந்துவிடும். 2002-ல் வந்த சட்டம் ஒன்று கொஞ்சம் கைகொடுக்கிறது. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயதிலிருந்து, ஐ-140 மனு நிலுவையில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விநோதம். கூடுதல் கட்டணம் கட்டினால் இபி-1சி மனுவுக்கு 45 வேலை நாட்களில் நடவடிக்கை கிடைக்கும். சீக்கிரம் ஒப்புதல் வந்தால் கழித்துக்கொள்ளும் நாட்களும் குறையும். வரிசை நீளமாக இருந்து, பிள்ளைக்கு 18, 19 வயது ஆகிவிட்டால், அவசரப்பட்டுப் பணம் கட்டுவதே எதிராகத் திரும்பலாம். அந்தக் கட்டணத்தைக் கட்டும் முன் பிள்ளையின் பிறந்த தேதியையும் நடப்பு விசா அட்டவணையையும் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.