பழைய பணிசெயல் முறைமையும் புதிய மடிக்கணனியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழைய பொறிகளை வாழவைத்தல் புதிய கலையன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒஸ்ரின் கார்கள் தம் வயதை மறந்து ஓடின. அப்பொறிகளைத் திறந்து பார்த்தாற் பழுது புலப்படும். மடிக்கணனியோ திறந்தாலும் பேசாது.

இற்றைக்கும் விண்டோஸ் எக்ஸ்பி தேவைப்படுவதேன்? பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பெற்று, பேஜ்மேக்கர் மென்பொருளிற் பக்கமைக்கப்பெற்ற நூல்களும் மலர்களும் இதழ்களும் எம்மிடையே மிகப்பல. பாமினி ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீட்டிடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு. அஃதில்லாத கணனியில் அக்கோப்பு பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவையாகவே தோன்றும். பழைய பக்கத்தை அதே அமைப்பிற் காண விழைபவர் பழைய முறைமையை நாடுகின்றனர்.

2001-இல் வெளிவந்த எக்ஸ்பிக்குப் பின்னாளில் தோன்றிய வன்பொருளைத் தெரியாது. முறைமைக்கும் சில்லுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்பது ‘செலுத்தி’ எனும் சிறு மென்பொருள். வரைவியற் செலுத்தி இல்லாவிடின் திரை இருண்டுவிடாது. ஆயின் 640க்கு 480 போன்ற பொது நிலைக்கு இறங்கிவிடும். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் அப்படம் இழுபட, தமிழெழுத்தின் சுழிகள் மங்கும். இன்ரெல் நிறுவனம் 2012-இன் மூன்றாந் தலைமுறைச் செயலிகள்வரை எக்ஸ்பிக்கு வரைவியற் செலுத்தி வழங்கியது, அதன்பின் நிறுத்தியது. ஆகவே முதலில் ஆராயவேண்டியது கணனியின் அகவையே.

கம்பியில்லா இணைப்பிலோ ஒரு வேடிக்கையான முடிச்சு உண்டு: செலுத்தியைப் பெற இணைப்பு வேண்டும், இணைப்பைப் பெறச் செலுத்தி வேண்டும். பிறிதொரு கணனியில் இறக்கிப் பேனாச் சேமிப்பகத்தில் எடுத்துவருதலே வழி. மடிக்கணனியின் வணிகப் பெயரை நம்பலாகாது. ஒரே பெயருள்ள இரு கணனிகளில் வெவ்வேறு நிறுவனச் சில்லுகள் இருத்தல் கூடும். சாதன முகாமையாளர் காட்டும் வன்பொருள் அடையாள எண்ணே சான்று. அதில் 8086 என்பது இன்ரெலைக் குறிக்கும். சில்லுத்தொகுதி, வரைவியல், கம்பியில்லா இணைப்பு எனும் வரிசையில் நிறுவுதல் நன்று.

அதன்பின்னும் தடையுண்டு. டபிள்யூபிஏ2 எனும் மறைகுறியாக்கம் எக்ஸ்பியோடு பிறந்ததன்று. 2008-இன் மூன்றாம் சேவைப்பொதி அதனை உள்ளடக்கியது. 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 எக்ஸ்பியில் இல்லை. இதற்காக வீட்டு வழிப்படுத்தியின் காவலைப் பழைய நிலைக்குத் தளர்த்துவோர் உளர். ஒரு கிழட்டுக் கணனிக்காக வீடு முழுவதையும் திறந்துவைத்தல் தகாது என்பதே எம் கருத்து.

இச்சிக்கலின் வேர் தொழினுட்பம் மட்டுமன்று. சில்லின் செயல்விவரம் நிறுவனத்தின் உடைமையாகப் பூட்டப்பட்டிருத்தலே பெருங்காரணம். புரோட்கொம் சில்லுகளுக்கு லினக்ஸ் ஆர்வலர் எதிர்நிலைப் பொறியியலால் செலுத்தி ஆக்கினர்; விண்டோஸ் செலுத்திகளையே லினக்ஸில் இயக்கும் என்டிஸ்ராப்பர் எனும் கருவியும் எழுந்தது. அந்நிறுவனம் திறந்தமூலச் செலுத்தியை வெளியிட்டது 2010-இலேதான். எக்ஸ்பியின் மூலநிரலோ உரிமையாளரால் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்படவில்லை. மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8-இல் அதற்கான ஆதரவை முடித்தது.

ஆதலின் பழைய கணனியில் வரைவியலைச் சீர்செய்க. இணையத்தோடு இணையாது விடுக. பாமினிக் கோப்புகளை அதிலே திறந்து, அமைப்பைப் படமாகப் பதிந்து, பாடத்தைப் பிரித்தெடுத்துப் புதிய கணனியில் ஒருங்குறிக்கு மாற்றி, மூலப்பிரதியோடு ஒருமுறை ஒப்புநோக்குக. கொம்பும் காலும் இடம்மாறும் பிழைகள் அவ்வேளையிலேயே பிடிபடும்.