முற்றுகைக் கூடாரத்திலிருந்து கண்ட செஞ்சி

உலகின் முதல் தேசியப் பூங்காவான எல்லோஸ்டோன் 1872ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமைக்கப்பட்டது. அங்கே கோடை பிறந்ததும் விடுதிகளிலும் உணவகங்களிலும் பணிபுரியப் பல ஊர்களிலிருந்து ஆள்கள் வந்து சேர்வர்; பனிக்காலம் நெருங்கியதும் திரும்பிவிடுவர். இடைப்பட்ட ஓய்வு நாள்களில் சுற்றுப்புற மலைகளையும் அருவிகளையும் காண்பர். நம் முதுமலைக் காட்டிலும் கோடை வறட்சி தொடங்கும்போது தீத்தடுப்புக் காவலர்கள் பருவப் பணியாளர்களாக அமர்த்தப்படுகின்றனர். ஒரு நிலத்தில் ஒரு பருவம் தங்கிப் பணிசெய்பவர், ஒருநாள் வந்து போகும் பயணி காணாத பலவற்றைக் காண்கிறார். எந்த ஓடை எப்போது வற்றும், எந்தப் பாறை நண்பகலில் சுடும், அரிசி எந்த மாதத்தில் விலையேறும் என்பனவற்றை அவர் உடலால் அறிகிறார்.

இத்தகைய அறிவை எழுதிவைத்த ஒருவர் செஞ்சியில் வாழ்ந்திருக்கிறார். அவர் பெயர் பீம்சேன் சக்சேனா. 1649ஆம் ஆண்டு புர்கான்பூரில் பிறந்தவர். முகலாயப் படைத்தலைவர்களுள் ஒருவரான தல்பத் ராவ் புந்தேலாவிடம் நிருவாகப் பணியில் இருந்தவர். செஞ்சிக்கு அவர் ஊர் காண வரவில்லை. தம் தலைவரின் படையோடு வந்தார். பணியின் பொருட்டுத் தங்கிய இடத்தைச் சுற்றிப்பார்த்து, கண்டவற்றைப் பின்னாளில் 'நுஸ்கா-இ-தில்குஷா' என்னும் பாரசீக நூலில் பதிவுசெய்தார்.

மூன்று மலைகள்

செஞ்சிக்கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையின் இருபுறமும் பரந்து கிடக்கிறது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்திற்கு மதில் எழுப்பப்பட்டுள்ளது. மூன்றனுள் உயர்ந்தது இராஜகிரி; ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியை அடையுமுன் மலையே பிளந்து நிற்கும் ஓர் ஆழமான பிளவு உண்டு. அதன்மேல் இருந்த மரப்பாலத்தை அகற்றிவிட்டால் மேலே செல்ல வழியில்லை. மலைமேல் மலையாகக் குவிந்த பெரும்பாறைகளே பல இடங்களில் மதிலின் வேலையைச் செய்கின்றன.

பல குன்றுகள், ஒவ்வொன்றிலும் தனிப்பெயர் கொண்ட ஒரு கோட்டை, அனைத்தையும் ஒருசேரச் சூழ்ந்துகொள்வது அரிது என்பது பீம்சேனின் கணிப்பு. இன்று சாலையோரம் நின்று நோக்கினாலும் அக்கணிப்பின் உண்மை விளங்கும்.

மழையும் முற்றுகையும்

1677ஆம் ஆண்டு சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இராஜாராம், மராட்டிய நாட்டை முகலாயர் சூழ்ந்தபோது, 1689ஆம் ஆண்டு தெற்கே வந்து இக்கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகார் கான் 1690ஆம் ஆண்டு செப்டம்பரில் செஞ்சியை அடைந்தார். வடகிழக்குப் பருவமழை தொடங்க ஒரு மாதமே இருந்தது.

வட இந்தியாவில் பெருமழை ஆனி, ஆடியில் தொடங்கிப் புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். அதன்பின் வருவதே படை நடத்தும் காலம். தமிழகத்தின் கீழைக்கரையிலோ ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். வடநாட்டுப் படைகள் பழகிய நாட்காட்டி இங்கே தலைகீழாகிவிடுகிறது. 1692ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நிலமெல்லாம் ஒரே ஏரிபோல் ஆயிற்று. அகழிக் குழிகளில் இரவும் பகலும் காவலிருந்த வீரர்கள் நீரில் நின்று வாடினர். தானியம் கிடைப்பதற்கு அரிதாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் சாந்தாஜி, தனாஜி என்னும் மராட்டியத் தலைவர்கள் பெருங்குதிரைப்படையுடன் வந்து, தானியம் வரும் வழிகளையும் அடைத்தனர். 1693ஆம் ஆண்டு சனவரியில் முகலாயப் படை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பின்னர் மீண்டும் வந்து, 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் கோட்டையைப் பிடித்தது. அதற்குள் இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார்.

கோட்டைக்குள்ளே நிலைமை வேறு. மழை நீரைத் தேக்கிய குளங்கள் இருந்தன. பெரிய தானியக் களஞ்சியங்கள் இருந்தன. கல்யாண மகாலின் மேல்தளங்களுக்கு மண்குழாய் வழியே நீர் சென்றது. வெளியே இருந்தவர்களை வாட்டிய அதே மழை, உள்ளே இருந்தவர்களுக்கு அடுத்த கோடைக்கான குடிநீராயிற்று.

முற்றுகை நீண்டதற்குப் பீம்சேன் மற்றொரு காரணமும் கூறுகிறார்: சுல்பிகார் கான் எண்ணியிருந்தால் விரைவில் வென்றிருக்கலாம், போர் நீடித்தால் பதவியும் வருவாயும் நீடிக்கும் என்பதால் தளபதிகள் காலம் கடத்தினர் என்கிறார். தம் தலைவர் தல்பத் ராவின்மீது பற்றுடைய ஒருவர், தலைமைத் தளபதியைப் பற்றிச் சொல்லும் சொல் இது. ஆகவே இதனைத் தயக்கத்துடனேயே ஏற்க வேண்டும். மழைபற்றியும் மலைபற்றியும் அவர் கூறுவதற்கு அத்தகைய தயக்கம் தேவையில்லை.

சுற்றுப்புறம்

படையில் இருந்தவர் என்றாலும் பீம்சேனின் கண்கள் போர்க்களத்தோடு நிற்கவில்லை. தென்னாட்டில் எண்ணற்ற கோயில்கள் இருப்பது அவருக்குப் பெருவியப்பு. அவற்றின் பருமையைத் தாம் அறிந்த பரண்டா, சோலாப்பூர்க் கோட்டைகளோடு ஒப்பிடுகிறார். மண்ணின் விளைச்சலும் அதனால் வந்த பெருவருவாயுமே இத்தனை கோயில்கள் எழக் காரணம் என்று ஆராய்கிறார். கோயிலைக் கண்டு வியந்த பயணிகள் பலர். அதைக் கட்டிய செல்வம் எங்கிருந்து வந்தது என்று வயலைத் திரும்பிப் பார்த்தவர் சிலரே.

செஞ்சியில் சில நாள் தங்கும் மாணவர் காண வேண்டியவை அருகிலேயே உள்ளன. வடக்கே சிங்கவரத்தில் குன்றைக் குடைந்த குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். திருநாதர் குன்றில் ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்கேயே உள்ளது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இயங்குகிறது. விழுப்புரம் செல்லும் வழியிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி எழுப்பியதாக முதலாம் மகேந்திரவர்மன் தன் கல்வெட்டில் பெருமிதத்துடன் கூறும் குடைவரை உள்ளது. பனைமலையில் இராசசிம்மன் எடுத்த கற்றளியும், அதில் எஞ்சிய உமையின் ஓவியமும் காணத்தக்கன. அவ்வோவியம் சிதைந்திருப்பினும் அதன் முகத்தில் உள்ள அமைதி குன்றவில்லை.

செஞ்சிக்கோட்டை தற்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025ஆம் ஆண்டு சூலையில், மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்னும் பெயரில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்த பன்னிரண்டு கோட்டைகளுள் மகாராட்டிரத்திற்கு வெளியே இருப்பது இஃது ஒன்றே. பெருமை வந்தபின்னும் பணி பழைய பணியே. கார்த்திகை மழை ஓய்ந்ததும் கற்களின் இடுக்கில் புல்லும் புதரும் முளைக்கும்; அரசும் ஆலும் வேர்விட்டால் சில ஆண்டுகளில் மதிலையே பெயர்த்துவிடும். செடி கன்றாய் இருக்கும்போதே வேரோடு களைய வேண்டும். மழை முடிந்து வெயில் ஏறுமுன் உள்ள மார்கழியும் தையுமே அதற்கு ஏற்ற காலம். சித்திரையில் அப்பாறைமீது கை வைக்க இயலாது.