காப்பார் புகைக்கூண்டும் நம் வீட்டு பில்லும்

"இந்த மாதம் உங்களை அதிர வைத்த பில் எது?" என்று சில வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் ஒரு கேள்வி போட்டோம். கார் ரிப்பேர், பிள்ளைகளின் டியூஷன் என்று குரல் பதிவுகள் வந்து குவிந்தன. கிள்ளானிலிருந்து பேசிய ஓர் அக்காதான் என்னை மாட்டிவிட்டார். "அதே வீடு, அதே ரெண்டு ஏர்கோன்தான் தம்பி. ஒரு மாசம் எரிபொருள் கழிவுன்னு போட்டிருக்கு. அடுத்த மாசம் அந்தக் கழிவு குறைஞ்சு போச்சு. இதை யாருதான் முடிவு பண்றாங்க?"

சட்டென்று பதில் வரவில்லை. ஒரு பாட்டைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

வெட்கம் என்னவென்றால், பதிலில் பாதி என் ஊரிலேயே நிற்கிறது. நான் வளர்ந்தது காப்பாரில். கடற்கரைப் பக்கம் நிற்கும் மின்நிலையப் புகைக்கூண்டுகள்தான் சின்ன வயதில் எங்களுக்குத் திசைகாட்டி. சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம் என்பது அதன் முழுப் பெயர். 1970களில் எண்ணெய் விலை ஏறி உலகமே ஆடிப்போனது. அதன் பிறகு எண்ணெயை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 1981-இல் அரசாங்கம் நான்கு எரிபொருள் கொள்கையைக் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு, நீர்மின்சாரம், நான்காவதாக நிலக்கரி. காப்பாருக்கு நிலக்கரி வந்தது அந்தக் கொள்கையின் வழியில்தான். பிறகு மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமா என்று பெரிய நிலையங்கள் எழுந்தன. அண்மைய ஆண்டுகளில் தீபகற்பத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்திருக்கிறது.

அந்த நிலக்கரி நம்முடையதல்ல. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. மீதி ஆஸ்திரேலியா, ரஷ்யா, தென்னாப்பிரிக்கா. ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் வாங்குகிறோம். சரவாக்கில் சுரங்கங்கள் உண்டு. அதில் பெரும்பங்கை அங்குள்ள மின்நிலையங்களே எரித்துவிடுகின்றன.

ஆனால் ஒரு காலத்தில் நம் வீட்டுக் கொல்லையிலேயே நிலக்கரி இருந்தது. ரவாங் பக்கம் பத்து ஆராங். மலாயில் அந்தப் பெயருக்கே நிலக்கரி என்றுதான் அர்த்தம். 1915-இல் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் அங்கே வெட்டத் தொடங்கியது. சீனர்களோடு தமிழர்களும் அங்கே உழைத்தார்கள். 1937-இல் நடந்த வேலைநிறுத்தம் காலனி அரசையே கலங்கடித்தது. வெட்டிய கரி குவாங் வழியாக ரயிலில் வெளியே வந்தது. அதை அதிகம் எரித்ததும் ரயில்தான்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இங்கே ஒரு சொந்தக் கதை உண்டு. இன்று கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம் அன்று ரயில்வே நிலம். சுற்றியிருந்த குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்தவர்களில் நம்மவர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் ஏராளம். எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட தாத்தா எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார். பக்கத்திலேயே பங்சாரில் இருந்த பழைய மின்நிலையமும் நிலக்கரியில் ஓடியதுதான்.

பத்து ஆராங் கரி அப்படியொன்றும் உயர்ந்த ரகம் அல்ல. குவித்து வைத்தால் தானாகவே புகையும் ரகம். மலிவான எண்ணெய் வந்தது, ரயில்கள் டீசலுக்கு மாறின, 1960-இல் சுரங்கத்தை மூடினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நிலக்கரி திரும்பி வந்தது, இந்த முறை கப்பலில்.

கப்பலில் வருவதன் விலை 2022-இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியை ஒரு மாதத்துக்கு நிறுத்துவதாக அறிவித்தது. அவர்களுடைய மின்வாரியமான பிஎல்என்னிடமே கையிருப்பு கரைந்துபோயிருந்தது. சுரங்க நிறுவனங்கள் உற்பத்தியில் 25 விழுக்காட்டை உள்நாட்டுக்குக் கொடுக்க வேண்டும், மின்நிலையங்களுக்கு டன் 70 டாலருக்கு மேல் விற்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. வெளியே அதைவிடப் பல மடங்கு கிடைக்கும்போது யார் உள்ளூரில் விற்பார்? ஜப்பானும் தென்கொரியாவும் பிலிப்பைன்ஸும் தடையை நீக்கச் சொல்லி ஜகார்த்தாவின் கதவைத் தட்டின. அந்த மாதத்துக்குள்ளேயே தடை படிப்படியாகத் தளர்ந்தது. ஆனால் பிப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டது.

உலகம் பார்க்கும் அளவுகோல் ஆஸ்திரேலியாவின் நியூகாசல் துறைமுக விலை. 2020-இல் டன் 50 டாலர் அளவில் கிடந்தது, 2022 செப்டம்பரில் 400 டாலரைத் தாண்டியது. நாம் அதிகம் எரிப்பது அதைவிட மலிவான ரகம்தான். ஆனாலும் ஒன்று ஏறினால் மற்றதும் கூடவே ஏறும். நம் மின்கட்டணக் கணக்கிலோ நிலக்கரிக்கு வைத்திருந்த அடிப்படை விலை 79 டாலர்.

அந்த வித்தியாசத்தை யார் கட்டியது? பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியவே இல்லை. 2 சென் கழிவு தொடர்ந்தது, நாமும் நிம்மதியாக இருந்தோம். 2023-இன் முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும் அரசாங்கம் ஒதுக்கிய மின்சார மானியம் 1,076 கோடி வெள்ளி. அதே சமயம் தொழிற்சாலைகளுக்கும் பெரிய வணிக நிறுவனங்களுக்கும் யூனிட்டுக்கு 20 சென் கூடுதல் கட்டணம் விழுந்தது. அது பொருளின் விலையில் ஏறி நம்மிடம் வந்திருக்கும். பில்லில் மட்டும் காணவில்லை.

கிள்ளான் அக்காவுக்கு இப்போது பதில் சொல்லலாம். 2025 ஜூலை 1 முதல் கணக்கு மாறிவிட்டது. முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்த எரிபொருள் விலையை இப்போது மாதாமாதம் பார்க்கிறார்கள். நிலக்கரியும் எரிவாயுவும் மலிந்தால் கழிவு, ஏறினால் கூடுதல். யூனிட்டுக்கு 3 சென் வரை தானாகவே மாறும். அதற்கு மேல் ஏற்ற வேண்டுமானால் அரசாங்கத்தின் ஒப்புதல் தேவை. வந்த புதிதில் பல மாதங்கள் கழிவாகவே வந்ததால் யாரும் முறையிடவில்லை. மாதம் 600 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. 600-ஐத் தாண்டினால் இதோடு 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், தாண்டிய பகுதிக்குச் சேவை வரியும் சேரும். வீட்டிலிருந்தே வேலை பார்த்து, பகலெல்லாம் ஏர்கோன் ஓட விடும் இளைஞர்கள் அந்த எண்ணை ஒருமுறை பில்லில் தேடிப் பாருங்கள். நான் தேடினேன். 640.

டாலர் இன்னொரு கதை. நிலக்கரியை டாலரில்தான் வாங்குகிறோம். டன் 100 டாலர் என்று வையுங்கள். 2024 பிப்ரவரியில் இருந்ததுபோல டாலர் ஏறக்குறைய 4 வெள்ளி 80 காசு என்றால் அந்த டன் 480 வெள்ளி. டாலர் 4 வெள்ளி 20 காசு என்றால் 420. நிலக்கரி விலை அசையாமலேயே 60 வெள்ளி வித்தியாசம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ கரி எரிகிறது. அப்படியானால் முழுக்க நிலக்கரியிலேயே ஓடும் ஒரு 600 யூனிட் வீடு மாதத்துக்கு 300 கிலோவை எரிக்கிறது. பன்னிரண்டு அரிசி மூட்டை எடை. 25 கிலோ மூட்டையைச் சொல்கிறேன்.

புதிய நிலக்கரி நிலையங்கள் இனி இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. 2044-க்குள் நிலக்கரியை முழுமையாகக் கைவிடுவது இலக்கு. காப்பாரின் மின்விற்பனை ஒப்பந்தம் 2029-இல் முடிகிறது. இதைப் போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். வாசலில் நின்று புகைக்கூண்டுப் பக்கம் பார்த்தவர், "அது நின்னா அங்க வேலை செய்யிற பிள்ளைங்க எங்கடா போவாங்க?" என்று கேட்டார். நிகழ்ச்சியில் அந்த அக்காவுக்கு முன்னால் முழித்ததுபோலவே முழித்தேன். இந்த முறை போட்டுவிடப் பாட்டும் கையில் இல்லை.