ஒரு நூல் தண்ணீர்

அமெரிக்காவின் அரிசோனாவில், கொலராடோ ஆற்றங்கரையில் லீஸ் ஃபெர்ரி என்றொரு படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து எதிரோட்டத்தில் சுமார் 24 கிலோமீட்டர் போனால் கிளென் கேன்யன் அணை. வழிநெடுகச் செங்குத்தான சிவப்பு மணற்பாறைச் சுவர்கள். சின்ன மோட்டார் படகுக்கு இது தோதான பாதை: போகும்போது மோட்டார் நின்றுவிட்டாலும் ஆறே திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஆனால் துறையைத் தவறவிட்டால் அடுத்தது கிராண்ட் கேன்யன். ஆகவே மோட்டார் நிற்காமலிருப்பதே நல்லது.

படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் பரவலாக்கியவர் நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட். 1909-இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார். காருக்கு ரேடியேட்டர் வேண்டும். இதற்கு ஆறே ரேடியேட்டர். மோட்டாரின் கால்பகுதியில் ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் சுழன்று ஆற்றுநீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. அது இன்ஜினைச் சுற்றிக் குளிர்வித்துவிட்டுத் திரும்ப ஆற்றில் விழுகிறது. அதில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டுத் துளைவழியே மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். படகோட்டி அடிக்கடி திரும்பிப் பார்ப்பது அதைத்தான். தாரை மெலிந்தால் துளை அடைத்திருக்கலாம், அல்லது இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். அடியோடு நின்றுபோனால் உடனே மோட்டாரை அணைக்க வேண்டும்.

இம்பெல்லருக்கு இரண்டு பகைவர்கள்: மணலும் வறட்சியும். ஆழமற்ற திட்டுகளில் மணலை உறிஞ்சினால் இதழ் தேயும். தண்ணீரில்லாமல் கரையில் ஓட்டிப் பார்த்தால் சிறிது நேரத்திலேயே கருகும்.

மின் உற்பத்திக்கேற்ப அணை நீரைக் கூட்டிக் குறைத்து விடுவதால், காலையில் மூழ்கியிருந்த பாறை மாலையில் தலைகாட்டும். படகைத் தள்ளும் சுழல்விசிறி அதில் மோதினால், பல சிறிய மோட்டார்களில் ஒரு மெல்லிய பின் முறிந்து கியரைக் காப்பாற்றும். மாற்றுப் பின் கையில் இல்லையென்றால் துடுப்புதான் கதி. கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், சீல் வழியே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

கரையேறியதும் மோட்டாரை நிமிர்த்தி வைத்து உள்ளிருக்கும் நீரை முழுவதும் வடிய விட வேண்டும். தங்கிய நீர் குளிர்காலத்தில் உறைந்தால் உலோகத்தையே பிளக்கும். அணைக்கு மேலுள்ள பவல் ஏரியில் பெருகிவிட்ட குவாகா சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள், அணை வழியே ஆற்றுக்கு வந்து, அந்த மிச்ச நீரிலேறி வேறு ஏரிக்கும் போய்விடும். ஓடும்போது நிற்கக்கூடாத தாரை, வீடு திரும்புமுன் சொட்டுக்கூட மிச்சமின்றி நின்றாக வேண்டும்.